முதுசொல்லும் மலைநாடும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஊவாவுக்கு ஏறிவரும் நெடுஞ்சாலை, பெரகலைச் சந்தியை அடையுமுன் ஹல்துமுல்லை என்னும் சிற்றூரைக் கடந்து செல்கின்றது. வடபால் அப்புத்தளை மலைத்தொடர் மதில்போல் எழுந்து நிற்கும். தென்பால் நிலம் படிப்படியாகத் தாழ்ந்து சென்று வெயில் வெளியில் கலக்கும். இவ்வூருக்கு வருபவர்க்குக் காட்டப்பெறும் பழம்பொருள் ஒன்று உண்டு. கட்டுகொடெல்லையில் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற கோட்டையின் சிதைந்த சுவரே அது. கல்லாலான பழமை ஆதலின், எல்லோர் கண்ணுக்கும் அது புலப்படுகின்றது. ஆயின் இவ்வூரைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலே வேறொரு பழமையும் வழங்கி வருகின்றது. அதற்குச் சுவரும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கடல் கடந்து வந்த மக்கள் தம் நாவிலே சுமந்து வந்த சொல் அது. அதனைப் 'பழமொழி' என்பர் கற்றோர். 'சொலவடை' என்பர் தென்பாண்டிச் சீமையார். 'முதுசொல்' என்று பெயரிட்டது பழைய இலக்கணம்.

ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை பெயர்கள்? பெயர் மாறும்போது பொருளும் சிறிது மாறுகின்றது என்பதே இதற்கு விடை. 'பழமொழி' என்பது காலத்தைச் சுட்டும் பெயர். நெடுங்காலமாக இருந்து வரும் மொழி என்பது அதன் பொருள். 'முதுசொல்' என்பதிலோ வயது மட்டுமன்றி முதிர்ச்சியும் சேர்ந்து ஒலிக்கின்றது. பழைய பானை வேறு, முதிர்ந்த மரம் வேறு அல்லவா? 'சொலவடை' காலத்தையும் சுட்டவில்லை, முதிர்ச்சியையும் சுட்டவில்லை. சொல்லப்படுவது என்பதே அதன் உயிர்நிலை. ஏட்டில் எழுதி வைத்தால் அது சொலவடை ஆகாது. ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சென்றால்தான் அப்பெயர் பொருந்தும். கரிசல் நாட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தபோது, ஏட்டில் ஏறாத இத்தகைய சொற்களுக்குத்தான் இடம் தேடினார். மலையாளத்தார் இதனைப் 'பழஞ்சொல்' என்பர். அங்கும் பழமையே முன் நிற்கின்றது. சிங்களத்தில் 'பிரஸ்தாவ பிருள' என்பது வழக்கு. 'பிரஸ்தாவம்' என்பது சமயம், சந்தர்ப்பம் எனப் பொருள்படும். எனவே சிங்களவர் கண்ணில் இதன் பழமையைக் காட்டிலும், உரிய வேளையில் வந்து விழுவதே சிறப்பாகப் பட்டது போலும்.

தொல்காப்பியர் கருத்து இச் சிங்களப் பெயருக்கு மிக நெருங்கியது என்பது வியப்பூட்டும் செய்தி. பொருளதிகாரத்துச் செய்யுளியலில் அவர் யாப்பின் வகைகளை எண்ணுகின்றார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம் என்பவற்றோடு ஏழாவதாக முதுசொல்லை வைக்கின்றார். அரசர் அவையில் பாடப்பெறும் பாட்டுக்கும், திண்ணையில் பாட்டி சொல்லும் சொல்லுக்கும் ஒரே வரிசையில் இடம்! பிற்கால இலக்கணத்தார் பலருக்கு இத் துணிவு வரவில்லை. அவ்வளவில் நில்லாது, முதுமொழியின் இயல்பையும் அவர் வரையறுத்தார். நுட்பம், சுருக்கம், விளக்கம், மென்மை ஆகியவை அதற்கு வேண்டும். கருதிய பொருளை முடித்துக் காட்டுதற்கு ஏதுவாக அது வரவேண்டும். இவ் வரையறையில் 'ஏது' என்னும் சொல்லே நம் கருத்துக்கு உரியது. ஏது என்பது காரணம், வழக்கிலே சான்று. அழகுக்காகப் பேச்சில் செருகும் அணியாக முதுமொழியைத் தொல்காப்பியர் கருதவில்லை. ஒருவன் ஒன்றை நிலைநாட்ட முயலும்போது, அவன் பக்கம் வந்து நிற்கும் சாட்சியாகவே அதனைக் கண்டார்.

சாட்சி என்றால் குறுக்கு விசாரணை உண்டு. பழமொழி பொய்க்குமா என்ற வினா மிகப் பழையது. அகநானூற்றில் இச்சொல் வரும் இரண்டு இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அறுபத்தாறாம் பாட்டைப் பாடியவர் செல்லூர்க் கோசிகன் கண்ணனார். தலைவன் வேறொருத்தியை நாடித் தேரேறிப் போகின்றான். தெருவில் விளையாடிய அவன் மகன் கண்ணில் படுகின்றான். தேரை நிறுத்தி மகனைத் தழுவிக்கொண்ட தந்தை, வீட்டுக்குள் போ என்று அவனை அனுப்புகின்றான். பிள்ளை அழுது விட மறுக்கின்றது. தந்தை போன காரியத்தை விட்டுத் திரும்பி வந்து விடுகின்றான். நன்மக்களைப் பெற்றவர் இம்மையிலும் மறுமையிலும் சிறப்பர் எனப் பலர் கூறிய பழமொழி தன்னளவில் மெய்யாகிவிட்டது என்று தலைவி தோழியிடம் கூறுகின்றாள். நூற்றொன்றாம் பாட்டோ மாமூலனாருடையது. அங்கே தலைவன் பிரிந்து கொடிய வழியிலே போயிருக்கின்றான். நல்லது செய்தவர்க்குத் தீங்கு வராது என்று தொன்றுதொட்டு வரும் பழமொழி இன்றைக்குப் பொய்த்துப் போயிற்றோ என்ற ஐயம் அங்கே எழுகின்றது.

ஓரிடத்தில் மெய்த்தது, மற்றோரிடத்தில் பொய்த்ததோ என்ற ஏக்கம். ஆகவே, பழமொழி என்ற சொல் நம் இலக்கியத்தில் வழங்கத் தொடங்கிய காலத்திலேயே, அது வாழ்க்கையால் சோதிக்கப்படும் ஒன்றாக இருந்தது. வேதம் பொய்த்தாலும் பழமொழி பொய்க்காது என்பது கன்னட நாட்டு வழக்கு. பழஞ்சொல்லில் பதர் இருக்குமானால் பசுவின் பாலும் கைக்கும் என்பர் மலையாளத்தார். இவ்விரண்டும் பழமொழியின் புகழைப் பழமொழியாலேயே பாடுவன; தன் வழக்குக்குத் தானே சாட்சி சொல்வது போன்றன. மாமூலனார் எழுப்பிய ஐயம் அவற்றைவிட நேர்மையானது.

சங்க காலத்துக்குப் பின் பழமொழி நூலுருப் பெற்றது. முன்றுறை அரையனார் வெண்பாத் தோறும் ஈற்றிலே ஒரு பழமொழியை வைத்து நானூறு பாடல்கள் செய்தார். மதுரைக் கூடலூர் கிழார் முதுமொழிக் காஞ்சியைப் பத்துப் பத்தாக அடுக்கினார். இரண்டும் பதினெண்கீழ்க்கணக்கில் சேர்க்கப்பெற்றன. வெண்பாவின் தளைக்குள் அகப்பட்ட பழமொழி தெருவில் நடந்த நடையை இழந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாறு அகப்பட்டதால்தான் அவற்றுட் பல அழியாமல் நமக்குக் கிடைத்தன.

அச்சுக் காலத்தில் இப் பணிக்கு வாய்ப்பான இடம் யாழ்ப்பாணமாயிற்று. வெஸ்லியன் சங்கத்துப் போதகரும், ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தை மொழிபெயர்த்தவருமான பீட்டர் பெர்சிவல், 1843 இல் யாழ்ப்பாணத்திலே தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். அத் தொகுதிக்குத் 'திருட்டாந்த சங்கிரகம்' என்று பெயர் வைத்தார். திருட்டாந்தம் என்றால் எடுத்துக்காட்டு. 1874 இல் சென்னையில் வெளிவந்த அவருடைய விரிந்த தொகுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. பின்னர் 1894 இல் ஜான் லாசரசும், 1897 இல் டென்மார்க்குப் போதகர் எர்மன் ஜென்சனும் தத்தம் தொகுதிகளை வெளியிட்டனர். நம் காலத்தில் கி. வா. ஜகந்நாதன் அவற்றையெல்லாம் விஞ்சி இருபதினாயிரத்துக்கு மேல் திரட்டினார். மதத்தைப் பரப்ப வந்தவர்கள் ஏன் இதில் இவ்வளவு உழைத்தார்கள் என்பது வெளிப்படை. ஊரார் மனத்தில் நுழைய வேண்டுமானால் ஊரார் ஒப்புக்கொண்ட சாட்சியை அழைத்து வரவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் அச்சுத்தாளைத் திருத்திக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேறு தமிழர் கூட்டங்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டை நோக்கி நடந்து கொண்டிருந்தன. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் அவர்கள். வழியிலே நோயாலும் பசியாலும் இறந்தோர் மிகப் பலர். 1869 அளவில் காப்பி இலையில் நோய் விழுந்து, அப்பயிர் சில ஆண்டுகளில் அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஹல்துமுல்லைப் பகுதியிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. பயிர் மாறிற்று, ஆட்களைச் சேர்க்கும் கங்காணி முறை மாறவில்லை.

அக் கங்காணிமார் ஊரிலே சொன்னதாக மலைநாடு முழுவதும் ஒரு சொல் வழங்குகின்றது. தேயிலைச் செடியின் அடியைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்பதே அது. மாசி என்பது மாலைதீவுப் பக்கத்திலிருந்து வரும் உலர்ந்த மீன். தேங்காயும் மாசியும் சேர்ந்தால் அன்றைக்கு வீட்டில் சம்பலும் குழம்பும் உண்டு. கஞ்சிக்கும் வழியற்றிருந்த குடியானவனுக்கு இதைவிடப் பெரிய வாக்குறுதி வேறு வேண்டியதில்லை. பொன்னும் மணியும் கிடைக்கும் என்றிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். வாயூறும் அளவுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரிந்தவன் எவனோ, அவனே இச்சொல்லின் ஆசிரியன்.

வரலாற்று மாணவன் இங்கே ஒரு தடை எழுப்பலாம். முதலில் வந்தவர்கள் காப்பிக்கு அல்லவா வந்தார்கள்? ஆம். தேயிலை பரவியது 1870களுக்குப் பின்னரே. ஆதலின் இன்று வழங்கும் வடிவில் இச்சொல் அதற்கு முந்தியதாக இருக்க இயலாது. முன்பு 'காப்பிச் செடி' என்று இருந்து பின்னர் மாறியதாகவும் இருக்கலாம். ஏமாந்தவர்கள் தாங்களே பிற்காலத்தில் எள்ளலாகப் புனைந்து கங்காணியின் வாயில் வைத்ததாகவும் இருக்கலாம். இரண்டாவது எண்ணமே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஏனெனில் இச்சொல்லை ஆசை காட்டுவதற்காக எவரும் இன்று சொல்வதில்லை. ஆசை காட்டியவனை நினைப்பதற்கே சொல்கின்றனர். பொய்த்துப்போன மொழி, பொய்த்த காரணத்தாலேயே நிலைபெற்ற பழமொழியாயிற்று. மாமூலனார் கேட்ட கேள்விக்கு மலைநாட்டார் கண்ட விடை இது எனலாம்.

இவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பழமொழிகளும் இங்கே வந்து பொருள் மாறின. 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பதை எடுத்துக்கொள்வோம். காவிரிக் கரையிலோ வைகைக் கரையிலோ இதைச் சொன்னவனுக்குக் கரை என்பது ஆற்றின் கரை. அக்கரையிலும் தன் வயல் போன்ற வயலே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். மலைநாட்டுக்கு வந்தவர்களுக்கோ அக்கரை கடலுக்கு அப்பால் போய்விட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, நாடற்றோராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுக்கப்பட்டது. 1974 இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் ஒரு கரைக்கும் தம்பி ஒரு கரைக்கும் போன குடும்பங்கள் ஊவாவிலும் உண்டு. நீலகிரிக்குச் சென்று மீண்டும் கொழுந்து பறித்தவர்களை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். இங்கு நின்றவர்களை இங்குள்ளோர் 'இந்தியாக்காரர்' என்றனர். எந்தக் கரை பச்சை என்ற வினாவை அவர்களிடம் கேட்பதற்கு எவருக்கும் வாய் வராது.

'ஏது' என்ற சொல்லுக்கு இங்கே மீண்டும் வருதல் வேண்டும். இலக்கணத்தில் முதியோர் சொல் சான்றாகும். லயத்து வாசலில் தகராறு எழுந்து தலைவர் முன் விசாரணை நடக்கும்போதும் அவ்வாறே. 'பெரியவங்க சொல்லுவாங்களே' என்று தொடங்கிப் பழமொழி ஒன்றைச் சொல்லி முடித்தால், எதிர்க்கட்சிக்காரன் அதற்கு ஈடான வேறொரு பழமொழியைத் தேட வேண்டுமேயன்றி, இது யார் சொன்னது என்று கேட்க முடியாது. 'பல்லோர் கூறிய' என்று அகநானூறு சொன்னதும் இதுவே. 'ஓநாய் அழுததாம்' என்பது போலப் பழமொழிகள் பல 'ஆம்' என்று முடிவதும் இதனால்தான். சொல்பவர் தம் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. ஊர் சொன்னதைச் சொல்கின்றார்.

ஆனால் அலுவலகத்தின் இலக்கணம் வேறு. தோட்டத்தில் ஒருவன் வேலை மாறிப் போக வேண்டுமானால் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். அவனுடைய கடன் எவ்வளவு என்று அத்துண்டு சொல்லும். அவன் வாய் சொல்வது செல்லாது. அம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. பிறகு 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையும் தந்தையின் தந்தையும் எங்கே பிறந்தார்கள் என்பதற்குச் சான்று கேட்டது அச்சட்டம். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததைக் காட்டக் கோரியது. பாட்டன் காப்பிக் காலத்தில் வந்தான், அந்த மலையைக் காடு வெட்டித் திருத்தியவன் அவனே, இந்த முருங்கையை நட்டவள் பாட்டி என்று லயத்துக்கு லயம் சொல்ல ஆள் இருந்தது. முதுசொல் இருந்தது, பத்திரம் இல்லை. தொல்காப்பியர் சான்றென ஏற்றதைப் பதிவாளர் சான்றென ஏற்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் 'முதுசொம்' என்று ஒரு சொல் உண்டு. முன்னோரிடமிருந்து வழிவழியாக வரும் சொத்து அது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், அச்சட்டம் எழுத்தில் தொகுக்கப்பட்டபோது முதுசொமும் அதில் ஏறியது. காணியும் வீடும் தோட்டமும் முதுசொமாக இறங்கும். மலைநாட்டுத் தொழிலாளிக்கு லயத்துக் காம்பராவும் சொந்தமன்று. அதன் முன்னால் கீரை விதைத்த பாத்தியும் சொந்தமன்று. முதுசொம் இல்லாத மக்களுக்கு முதுசொல் மட்டும் இறங்கிற்று. இவர்களுடைய பாடல்களையும் கதைகளையும் பேச்சையும் தொகுப்பதற்கு சி. வி. வேலுப்பிள்ளையும் சாரல்நாடனும் உழைத்தது வெறும் இலக்கிய ஆர்வத்தால் மட்டும் அன்று என்பதை இதனால் உணரலாம்.

சொத்தின்மை பழமொழியையே சிலவேளை கொடிதாக்கிவிடும். 'வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்' என்பது யாவரும் அறிந்தது, அறிவுடைய சொல். ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லாந்தைக்கு அண்மையில் உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 அக்டோபர் 29 ஆம் நாள் காலை, நாட்பட்ட மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின்மேல் விழுந்தது. பலர் மண்ணுள் மறைந்தனர். உடல்கூடக் கிடைக்காதவர்கள் உண்டு. பள்ளிக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அச்சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தும் ஏன் போகவில்லை என்று அப்போது தொலைவில் இருந்தவர்கள் கேட்டார்கள். பழமொழியையும் சிலர் எடுத்துரைத்தார்கள். அணை போடு என்ற சொல், அணை போட மண்ணுடையவனுக்குச் சொன்ன சொல். பிறர் நிலத்தில், பிறர் கட்டிய வரிசையில், வேலை உள்ளவரை குடியிருப்பவன் எங்கே போய் அணை போடுவான்? இங்கே பழமொழி பொய்க்கவில்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லப்படவில்லை, அவ்வளவே. சந்தர்ப்பம் தவறினால் 'பிரஸ்தாவ பிருள' என்ற பெயரே பொருந்தாது என்பதை, மலையடிவாரத்துச் சிங்களக் கிராமத்தாரும் ஒப்புவர்.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றோர் என்ற நிலை பெரும்பாலும் நீங்கிற்று. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்து பல்லாண்டுகள் ஆயின. படித்த இளைஞர்கள் கொழுந்துக் கூடையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் போகின்றனர். பிரட்டுக்குத் தப்படித்த ஓசையும், அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையின் பேரேடும் அவர்களுக்குக் கதைகளாகி வருகின்றன. அவற்றைச் சார்ந்து பிறந்த சொலவடைகளும் பொருள் விளங்காமல் உதிரும் நிலையில் உள்ளன. வகுப்பறையில் பழமொழி என்பது கட்டுரைக்கு அழகு சேர்ப்பதற்கு மனப்பாடம் செய்யும் பத்து வரியாகச் சுருங்கிவிட்டது. வீட்டில் பாட்டி சொல்வதும் பழமொழியே என்று எந்தப் பாடநூலும் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

ஆயினும் தேங்காயும் மாசியும் உதிரவில்லை. வெளிநாட்டில் நல்ல வேலை, நிறைந்த சம்பளம், தங்க இடம் என்று ஆள் சேர்ப்பவர் ஒருவர் லயத்து வாசலில் நின்று விரித்துரைக்கும்போது, உள்ளே வெற்றிலை இடிக்கும் கிழவி முழுப் பழமொழியையும் சொல்ல வேண்டியதில்லை. 'தேங்காயும் மாசியுமா தம்பி?' என்று கேட்டால் போதும். மற்றதைக் கேட்டவர்களே முடித்துக்கொள்வர்.